ஆஷ் மரத்துக்கு வந்த கெட்ட பெயர்

1545 இல் ரொஜர் அஸ்கம் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் வில்வித்தை பற்றி ‘டொக்சோபிலஸ்’ என்றொரு புத்தகம் எழுதி, எட்டாம் ஹென்றி மன்னருக்குச் சமர்ப்பித்தார். எந்த மரத்தில் வில் செய்யலாம் என்ற கதை வந்ததும் மனுசன் தயங்கவே இல்லை. யூ மரம்தான் வில்லுக்கு உரியது, எல்ம், ஆஷ் எல்லாம் மட்டம். பகிடி என்னவென்றால், அதே புத்தகத்தில் போர் அம்புக்கு ஆஷ்தான் நல்லது என்று வாதாடுவதும் அவர்தான். அம்புக்குத் திறமான மரம் வில்லுக்கு மட்டும் ஏன் கூடாமல் போனது?

யூ அந்தக் காலத்து இங்கிலாந்தில் லேசில் கிடைக்கிற சாமான் இல்லை. 1472 இலேயே, வெளிநாட்டிலிருந்து வரும் வணிகக் கப்பல்கள் ஒரு டன் சரக்குக்கு நான்கு வில்தடி கொண்டுவர வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். ஹென்றி காலத்துச் சட்டம், யூவில் வில் செய்கிறவர் ஆஷ், எல்ம் போன்ற மரங்களிலும் வில் செய்தே ஆகவேண்டும் என்றது. வசதியில்லாத வீட்டு இளம் பெடியளுக்கு யூ வில் தடை. ஆக, ஆஷ் ஏழை வீட்டு வில். கலைப்பீடக்காரரான எங்களுக்கு உடனே ‘வர்க்கம்’ என்று சொல்ல வாய் உன்னும். அது பாதிக் கதைதான். மிச்சம் மரத்துக்குள்ளே இருக்கிறது.

வில்லை இழுக்கும்போது எய்பவரைப் பார்க்கும் பக்கம், அதாவது வில்லின் வயிறு, நெருக்கப்படும். வெளிப்பக்கமான முதுகு இழுபடும். யூவின் வைரம் நெருக்கத்தை நன்றாகத் தாங்கும், வெளி வெண்மரம் இழுவையைத் தாங்கும். அதனால் ஒடுக்கமாக, தடிப்பாக, வயிறு உருண்டு இருக்கும் ஆங்கில வில் யூவுக்குச் சரி. ஆஷ் இழுவைக்குக் கெட்டி, நெருக்கத்துக்கு அவ்வளவு இல்லை. அதே உருண்டை வடிவில் ஆஷைச் செதுக்கினால் வயிற்றில் மெல்லிய மடிப்புகள் விழும், அல்லது நாணைக் கழற்றிய பிறகும் வில் வளைந்தபடியே நிற்கும். அஸ்கம் குறை சொன்னது அநேகமாக இப்படி யூவின் சட்டையைப் போட்டுவிட்ட ஆஷைத்தான் என்பது எங்கள் எண்ணம்.

பௌதிகவியலுக்குப் பயந்தவர்களும் இந்தக் கணக்கை விளங்கிக்கொள்ளலாம். வில்லின் தடிப்பைக் கால்பங்கு கூட்டினாலே அதன் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், ஆனால் வயிற்றில் விழும் நெருக்கமும் கூடிவிடும். அகலத்தை இரண்டு மடங்காக்கினாலும் விறைப்பு இரண்டு மடங்குதான், நெருக்கமோ கூடாது. ஆஷுக்கு வேண்டியது அகலமும் மெல்லிசும்.

இது முந்தியே தெரிந்த விசயம். டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பில் 1944 இல் எடுத்த வில்லுக்கு ஏறத்தாழ 9,000 வயது. எல்ம் மரம், அகலமான தட்டை வில். அமெரிக்காவின் மசசூசெட்ஸில் 1660 இல் ஒரு பழங்குடி மனிதரைச் சுட்டுக்கொன்று குடியேறிகள் எடுத்த ‘சட்பரி வில்’ ஹார்வர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது ஹிக்கரி மரம், அதுவும் தட்டை. வில் நூதனசாலைக்குப் போனது. அறிவை ஒருவரும் கேட்கவில்லை. 1930களில் ஹிக்மன், க்ளொப்ஸ்டெக் என்ற பௌதிகவியலாளர்கள் அளந்து, கணக்குப் போட்டு, தட்டை வில்தான் சிறந்தது என்று எழுதினார்கள். அதைக் ‘கண்டுபிடிப்பு’ என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு வட அமெரிக்காவின் வெள்ளை ஆஷுக்கும் மதிப்பு வந்தது. இது அஸ்கம் அறிந்த ஆஷின் சகோதர இனம், பேஸ்போல் மட்டை செய்கிற மரம். அடிமரத்தை வாளால் அரியாமல் ஆப்பு வைத்துப் பிளப்பார்கள், அப்போதுதான் நார் போகும் திசை தெரியும். ஆஷின் ஒவ்வொரு ஆண்டு வளையத்திலும் வசந்தத்தில் வளர்ந்த துளைத்துளையான படையும், கோடையில் வளர்ந்த இறுகிய படையும் இருக்கும். முதுகு ஒரே வளையமாக நுனிக்கு நுனி ஓடவேண்டும், நடுவில் அறுந்தால் வில் அங்கேதான் முறியும். ஆஷில் பட்டையை உரித்தாலே அந்த முதுகு தயார், இதுதான் அதன் பெரிய வசதி. பிறகு நன்றாகக் காயவிட்டு, ஐந்து சென்ரிமீற்றர் அளவு அகலம் விட்டு, வயிற்றுப் பக்கத்தை மட்டும் சீவுவார்கள். நாணைச் சிறிது சிறிதாக இழுத்துப் பார்த்து, எங்கே விறைப்பாக நிற்கிறதோ அங்கே சுரண்டுவார்கள். கூடச் சுரண்டினால் திருப்பி ஒட்ட ஏலாது. அவசரக்காரருக்கு உரிய வேலை இல்லை.

2002 இல் மிச்சிகனில் ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. 2017 இல் வெள்ளை ஆஷ் மிக அருகிய இனமாகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. புழு தின்பது பட்டைக்கும் மரத்துக்கும் இடையில், வில்லின் முதுகு வரவேண்டிய அதே இடத்தில். பட்டையை உரித்தால் மரத்தில் வளைந்து வளைந்து ஓடிய கோடுகள் தெரியும். அப்படிச் செத்த மரத்தில் வில் செய்கிறவர் அந்த வெளி வளையத்தைக் கழித்து, புழு தொடாத வளையம் வரும்வரைக்கும் இரண்டு கைப்பிடிக் கத்தியால் உள்ளே சீவிப் போகவேண்டும்.