சின்னம் படுத்திய பாடு

சிவன் கோயிலில் சாமி புறப்படும்போது முன்னால் ஊதிப் போகும் நீண்ட உலோகக் குழலுக்குத் திருச்சின்னம் என்று பெயர். சம்பந்தருக்கு அரத்துறை ஈசன் முத்துச்சின்னம் தந்த கதையைப் பெரியபுராணம் சொல்லும். அடையாளம் என்ற பொருளில் சின்னம் வடமொழிச் 'சிஹ்ன'த்தின் வழி வந்தது. தேர்தல் நேரத்தில் ஊரெல்லாம் கேட்பதும் அதுவே. சின்னாபின்னம் வேறு கிளை. அங்கே சின்னம் என்றால் வெட்டுண்டது.

அடையாளம் என்ற சின்னத்தோடு நினைவைச் சேர்த்து நினைவுச்சின்னம் ஆக்கியது, 'மானுமென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக. அதன் லத்தீன் வேருக்கும் நினைவூட்டுதல் என்றே பொருள், பெயர்ப்பில் பிழையில்லை. உறுத்துவது தமிழ்க் காதுக்குத்தான். நினைவு நாள், நினைவு மண்டபம் எல்லாம் போனவர்களுக்கு. பெருங்கற்காலப் புதைகுழிகளைத் தொல்லியலார் ஈமச்சின்னம் என்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் நடுகற்களுக்கு நினைவுச்சின்னம் என்ற பெயர் அளவெடுத்துத் தைத்த சட்டை. அன்றாடம் பூசை நடக்கும் அண்ணாமலையார் கோயிலுக்கு?

2002-இல் அந்தச் சட்டையை மாட்டப் பார்த்தார்கள். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோயிலைத் 'தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னம்' ஆக்க மத்திய அரசு அறிவிப்பு வெளியிட்டது. ஊர் எதிர்த்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, கடைசியில் கோயில் அறநிலையத் துறையிடமே நின்றது. பெயர் ஒன்றுக்காக மட்டும் யாரும் கொதிக்கவில்லைதான். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் எழுப்பத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்றால் மாடவீதியில் வீடும் கடையும் வைத்திருப்பவர் என்ன செய்வார்? தஞ்சைப் பெரிய கோயில் தொல்லியல் துறையின் கையில் இருந்தும் அங்கே வழிபாடு நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஜப்பானியர் 1950-இல் இயற்றிய பண்பாட்டுச் சொத்துச் சட்டத்திலும் இப்படி ஒரு சொல் உண்டு: 'கினென்புட்சு', நினைவுப்பொருள். ஆனால் அதற்குள் பழைய கோட்டைகளோடு இயற்கை எழிலிடங்களும் உயிரினங்களும் சேரும். ஃபூஜி மலை அதில் இருக்கிறது. பறந்து திரியும் டோக்கி என்ற அரிவாள்மூக்கனும் இருக்கிறது. உயிருள்ளதை நினைவுப்பொருள் என்பதில் அவர்களுக்குக் கூச்சமில்லை.

நம் சட்டத்தின் வரையறையைப் படித்தால் கட்டடம், புதைமேடு, குகை, பாறைச் சிற்பம், கல்வெட்டு, ஒற்றைக்கல் என்று போகும். மலை என்ற சொல் வராது. திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் நடக்கும் கூட்டம் சுற்றி வருவதோ மலையைத்தான். லிங்கமே அதுதான் அவர்களுக்கு.