ஊரைக் கூப்பிட்ட வால்வு

நெய்வேலி டவுன்ஷிப்பில் பழைய வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்றை ஆன் செய்தால் பாட்டுக்கு முன்னால் உறுமல்தான் வரும். ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துபோன செட் எந்த ஊரிலும் இப்படித்தான் உறுமும். அதன் சுருதி நொடிக்கு நூறு அதிர்வு. லைனில் வரும் ஏசி நொடிக்கு 50 சுற்று. அதை டிசியாக மாற்றும்போது மிச்சப்படும் அலை இரட்டித்து நூறாகிறது. அந்த 50 எங்கிருந்து வருகிறது? அனல்மின் நிலையத்தில் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும் டர்பைனிலிருந்து. மற்ற ஊர்க்காரர்களுக்கு இது பாடப்புத்தகச் சங்கதி. இங்கே அது அப்பா ஷிஃப்டுக்குப் போய்வந்த இடம்.

இந்தக் கதையின் நாயகன் இ.எல்.34 என்ற பவர் வால்வு. சுமார் பத்து சென்டிமீட்டர் உயரக் கண்ணாடிக் குழாய், அடியில் எட்டு கால். ஜாதகம் பெயரிலேயே இருக்கிறது. ‘இ’ என்றால் ஹீட்டருக்கு 6.3 வோல்ட், ‘எல்’ என்றால் பவர் பென்டோடு, ‘3’ என்றால் எட்டுக்கால் சாக்கெட். ஹீட்டர் மட்டும் ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். அதாவது ஒரு சொல்கூடப் பேசுவதற்கு முன்பே ஏறத்தாழ ஒன்பதரை வாட் செலவு. சிக்கனம் பார்க்கிற ஆள் இல்லை.

ஐரோப்பாவில் பிலிப்ஸ் குடும்பத்தில் பிறந்து, 1950களில் அதன் பிரிட்டிஷ் கிளையான முல்லார்டின் பெயரில் புகழ்பெற்றது இந்த வால்வு. நெய்வேலிக்கும் கிட்டத்தட்ட அதே வயது. 1956 நவம்பரில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது, 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார், 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணில் பட்டது, 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் யூனிட் ஓடியது. நிலக்கரி தென்பட்ட அதே 1961இல்தான் பெங்களூர் ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ரேடியோ வால்வுகளைத் தயாரிக்க ஆரம்பித்தது. ‘பெல்’ முத்திரை போட்ட இ.சி.சி.83, இ.எல்.84 எல்லாம் அந்த வரிசை. இன்றைக்கு வெளிநாட்டு கிட்டார்க்காரர்களும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

வீட்டு ரேடியோவுக்குச் சின்ன வால்வு போதும். இ.எல்.34க்கு வேலை கிடைத்தது தெருவில். மேடை ஒலிபெருக்கியில் பம்பாயின் சிகாகோ ரேடியோ முன்னோடி. சுதந்திரப் போராட்டக் காலத்து காங்கிரஸ் மாநாடுகளில் தலைவர்களின் குரலைக் கூட்டத்தின் கடைசி வரிசைக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள். 1940இல் தொடங்கிய டெல்லி அஹுஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிபையர் பெட்டி பிற்பாடு தமிழ்நாட்டு மைக்செட் கடைகளின் சொத்தானது. கல்யாணம், காதுகுத்து, ஆடிக் கூழ், தேர்தல், டூரிங் டாக்கீஸ் என்று எதுவானாலும் விடியற்காலையில் சவுண்ட் சர்வீஸ்காரர் மரத்தில் ஏறிக் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிடுவார். நெய்வேலிப் பக்கம் பங்குனி உத்திரம் என்றால் வில்லுடையான்பட்டு முருகன் கோயில்தான். காவடிகள் போகும் வழி நெடுக ஒலிபெருக்கி இருந்தாக வேண்டும்.

வழி நெடுக என்பதில்தான் சூட்சுமம். ஆம்ப்ளிபையர் கோயில் வாசலில் இருக்கும், கடைசிக் குழாய் எங்கேயோ இருக்கும். நடுவில் ஓடுவது சாதாரண ஒயர். குறைந்த வோல்டேஜில் அதிக கரண்ட்டை அனுப்பினால் பாதிச் சத்தம் ஒயரிலேயே சூடாகிக் கரைந்துவிடும். அதனால் ஆம்ப்ளிபையரின் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் சத்தத்தை நூறு வோல்ட் லைனாக உயர்த்தி அனுப்பும்; ஒவ்வொரு குழாயின் முதுகிலும் இருக்கிற எல்.எம்.டி. (லைன் மேட்சிங் டிரான்ஸ்பார்மர்) அதை இறக்கிக் கொடுக்கும். சுரங்கத்து மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் சென்னைக்கு அனுப்பி, அங்கே டிரான்ஸ்பார்மரில் இறக்கி வீட்டுக்குக் கொடுக்கிறார்களே, அதே கணக்குதான். லைனைத் தெரியாமல் தொட்டால் பாட்டே ஷாக் அடிக்கும்.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. 2என்3055 என்ற தடித்த உலோகத் தொப்பிக்கு ஹீட்டர் வேண்டாம், சூடேறக் காத்திருக்க வேண்டாம், 12 வோல்ட் கார் பேட்டரியிலேயே ஓடும். ஆட்டோவில் பிரச்சாரம் போகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? வால்வு செட்கள் பரணுக்குப் போயின, பரணிலிருந்து பழைய இரும்புக் கடைக்கு. அங்கே வால்வுக்கு மதிப்பே கிடையாது. டிரான்ஸ்பார்மரின் செம்புக்குத்தான் எடை போடுவார்கள். எத்தனை நல்ல அவுட்புட் டிரான்ஸ்பார்மர்கள் இப்படி உரிக்கப்பட்டன என்று நினைத்தால் வயிறு எரியும். 2000இல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்டதும் விடியற்காலைப் பாட்டும் போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை. பரீட்சை நேரத்தில் குழாய் கட்டிய மரத்துக்கு எதிர்வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கிடையே ஜப்பானில் வேறொன்று நடந்தது. 1938இல் பிறந்த ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960இல் எஸ்.ஆர்.-1 என்ற எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் காந்தமும் இல்லை, வாய்ஸ் காயிலும் இல்லை. துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகள், நடுவே மிக மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். படலத்தில் நிலையான மின்னேற்றம் ஏற்றிவைப்பார்கள். பழைய மாடல்களுக்கு 230 வோல்ட், பிந்தைய ‘ப்ரோ’ வகைக்கு 580. இரு தகடுகளிலும் பாட்டு எதிரெதிராக ஏறி இறங்க, படலம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இழுபடும். தகடுகளுக்குச் சில நூறு வோல்ட் வேண்டும், கரண்ட்டோ மில்லியாம்பியர் கணக்கில் போதும்.

வோல்டேஜ் நிறைய, கரண்ட் கொஞ்சம். வால்வு பிறவியிலேயே இப்படிப்பட்டது. சாதாரண ஸ்பீக்கரின் தேவை இதற்கு நேர்மாறு என்பதால் அதை வால்வால் ஓட்ட வேண்டுமானால் நடுவே பெரும்பாலும் கனத்த டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும். எலெக்ட்ரோஸ்டாட்டிக்குக்கு அதுகூட வேண்டாம், பிளேட்டிலிருந்து நேரே எடுக்கலாம். ஸ்டாக்ஸே எஸ்.ஆர்.எம்.-டி1 மாடலில் 6எஃப்.கியூ.7 வால்வுகளை வைத்தது. அமெரிக்காவின் கெவின் கில்மோர் வடிவமைத்த ‘ப்ளூ ஹவாய்’ சர்க்யூட்டில் முன்பகுதி டிரான்சிஸ்டர், அவுட்புட்டில் நம் இ.எல்.34 நான்கு. சொந்தமாக ஆம்ப் கட்டுகிறவர்கள் இன்றும் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்கே பக்திப் பாட்டு போட்ட அதே வால்வு இப்போது ஒரே ஒரு ஆளுக்கு, பக்கத்து நாற்காலிக்காரர் காதில்கூட விழாத அளவுக்குப் பாடுகிறது.

‘வால்வு சவுண்டு தேன் மாதிரி’ என்று மைக்செட்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை, மீதி ஏக்கம். அளவுக்கு மீறித் திருப்பினால் வால்வு டிரான்சிஸ்டரைப்போலச் சட்டென்று வெட்டாது, மெல்ல மழுங்கும். அந்த அளவுக்கு உண்மை. ஆனால் இந்த வால்வு பிழைத்துக் கிடப்பதற்கு இனிமையைவிட அதன் வோல்டேஜ் தாங்கும் திறன்தான் காரணம் என்பது என் கட்சி. இத்தனைக்கும் உயர் வோல்டேஜ் டிரான்சிஸ்டரிலேயே நல்ல எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஆம்ப்கள் வந்துவிட்டன.

பரணில் கிடந்த செட்டை எழுப்புவது நிதானமான வேலை. நேரே பிளக்கைச் சொருகினால் காய்ந்த எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் வெடிக்கலாம். முதலில் சீரிஸ் லாம்ப். நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு ஆன் செய்ய வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட். ஒருமுறை எரிந்து மங்கினால் மேற்கொண்டு பார்க்கலாம். அடுத்து கப்ளிங் கண்டென்சர். அது லேசாகக் கசிந்தாலும் இ.எல்.34இன் கிரிட்டில் பாசிட்டிவ் ஏறி, கரண்ட் தறிகெட்டு, சாம்பல் நிற பிளேட் செங்கல் நிறத்துக்குச் சிவக்கும். பிளேட் சிவந்தால் யோசிக்கவே கூடாது, ஸ்விட்ச்சை அணைத்துவிட வேண்டும். வால்வின் உச்சியில் வெள்ளி பூசினாற்போல் இருக்கும் கெட்டரையும் பாருங்கள். அது பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போடவேண்டியதுதான். அணைத்த பிறகும் கண்டென்சரில் நானூறு வோல்ட் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கையை உள்ளே விட வேண்டும்.

புது வால்வு வேண்டுமா? இன்று இ.எல்.34 வருவது பெரும்பாலும் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, சீனா, ரஷ்யாவின் சரடோவ் நகரம் ஆகிய மூன்று இடங்களிலிருந்து. 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதித் தடையால் சரடோவ் சரக்கு நின்றபோது உலகம் முழுக்க கிட்டார்க்காரர்கள் பதறிவிட்டார்கள். பிறகு வழி திறந்தது. சோவியத் டர்பைன்களோடு தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையமோ 2020இல் மூடப்பட்டது. வால்வு அதை முந்திக்கொண்டு சாகவில்லை என்பது வேடிக்கைதான்.

நெய்வேலியிலோ கடலூரிலோ உட்கார்ந்து இப்படி ஒரு எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஆம்பைக் கட்ட நினைப்பவருக்குத் தடை வால்வு அல்ல. அதை வரவழைத்துவிடலாம். ஸ்டெபிலைசர், மோட்டார் புண்ணியத்தில் ஊருக்கு ஊர் காயில் கட்டுகிறவர் இருப்பதால், கணக்கைச் சரியாக எழுதிக் கொடுத்தால் பவர் டிரான்ஸ்பார்மரும் கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போனால் பீங்கான் சாக்கெட்டும் ரெசிஸ்டரும் அள்ளலாம். ஸ்டாக்ஸ் ஹெட்போனைச் சொருகுகிற ஐந்து பின் சாக்கெட்டை மட்டும் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கும்.