ஒரு சுற்றா, நாற்பத்திரண்டு சுற்றா? மின்சார, பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார்களை ஒப்பிடும் அளவுகோல்: பொயிண்ட் குக் 1948ஐ முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மின்சார ஸ்போர்ட்ஸ் காரா, பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரா, எது வேகமானது என்னும் கேள்விக்கு இன்று சொல்லப்படும் விடைகள் பெரும்பாலும் ஒரே ஒரு தூரத்தில் அளந்த விடைகள். தூரத்தை மாற்றினால் விடையும் மாறுகிறது. 1948ஆம் ஆண்டு மெல்பேர்ணுக்குத் தென்மேற்கே பொயிண்ட் குக் விமானத் தளத்தில் நடந்த ஆஸ்திரேலிய கிராண்ட் பிரீ, ஒன்றுக்கொன்று பொருந்தாத வண்டிகளை ஒரே தடத்தில் ஒப்பிட ஒரு முறையைக் கையாண்டது. அந்த முறையிலும் அன்றைய வெப்பத்திலும் இன்றைய சோதனைக்கு உதவும் பாடம் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். தூரமும் வெப்பநிலையும் சொல்லப்படாத எந்த ஒப்பீடும் முழுமையானதாகாது.

திறவுச்சொற்கள்: பொயிண்ட் குக், ஹேண்டிகேப், மின்சாரக் கார், வெப்ப நீக்கம், சோழவரம், இருங்காட்டுக்கோட்டை.

1. விமானத் தளத்தில் ஒரு பந்தயம்

பொயிண்ட் குக் இன்று விண்டம் நகராட்சிக்குள் அடங்கிய பெரிய குடியிருப்புப் பகுதி. தமிழ்க் குடும்பங்கள் உட்பட இந்திய, இலங்கைக் குடும்பங்கள் பல இங்கு வீடு கட்டிக் குடியேறியுள்ளன. அந்த வீடுகளுக்கு அப்பால் கடலோரம் கிடக்கும் விமானத் தளம் ஆஸ்திரேலிய இராணுவப் பறத்தலின் பிறப்பிடம். 1914 மார்ச் 1 அன்று முதல் இராணுவ விமானம் அங்கிருந்துதான் எழும்பியது.

1948 ஜனவரி 26 அன்று அதே தளத்தில் ஆஸ்திரேலிய கிராண்ட் பிரீ நடைபெற்றது. ஓடுபாதைகளையும் இணைப்புச் சாலைகளையும் சேர்த்து 3.85 கிலோமீட்டர் சுற்று ஒன்றை அமைத்தார்கள். மொத்தம் 42 சுற்று; ஏறத்தாழ 162 கிலோமீட்டர், அதாவது அன்றைய கணக்கில் நூறு மைல். போருக்குப் பின் உலகெங்கும் விமானத் தளங்கள் பந்தயத் தடங்களாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் முதல் கிராண்ட் பிரீ நடந்ததும் அதே ஆண்டில்தான். தமிழகத்தில் போர்க்கால விமானத் தளமாகிய சோழவரத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியதும் இதே மரபின் தொடர்ச்சி.

பொயிண்ட் குக்கில் வென்றவர் ஃபிராங்க் பிராட். ஓட்டிய கார் பிஎம்டபிள்யூ 328: 1971 சிசி, ஆறு சிலிண்டர், சாலை வடிவில் 80 குதிரைத்திறன் மட்டுமே. அது ஹேண்டிகேப் முறையில் நடந்த பந்தயம். வண்டிகளின் திறனை முன்கூட்டியே மதிப்பிட்டு, மெதுவான வண்டியை முன்னே அனுப்பி, வேகமான வண்டியைக் காக்கவைத்துப் புறப்படச் செய்வது அந்த முறை. சிறிய எம்ஜி காரும் பெரிய வி8 எஞ்சின் பூட்டிய வண்டியும் ஒரே பந்தயத்தில் ஓட முடிந்தது அதனால்தான். அன்று தடத்தைச் சுட்ட கடும் வெயிலும் பந்தயத்தின் முடிவைத் தீர்மானித்த சக்திகளுள் ஒன்று. வேகமாக ஓடுவதைவிட இறுதிவரை ஓடுவதே அரிதாயிற்று.

இந்நிகழ்விலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, ஒப்பிடுபவர் வண்டிகளுக்கு இடையேயான வேற்றுமையை மறைக்காமல், எண்ணாக எழுதி, எல்லோர் கண்ணுக்கும் முன் வைத்தார். மற்றது, தூரமும் வெப்பமும் ஒப்பீட்டின் பகுதிகளாகவே இருந்தன.

2. குறுந்தூரத்தின் வெற்றி

மின்சாரக் கார் குறுந்தூரத்தில் வெல்வது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதலில் கடந்த கார் மின்சாரக் கார்தான். 1899 ஏப்ரல் 29 அன்று பாரிசுக்கு அருகில் அஷேர் என்னுமிடத்தில், பெல்ஜியரான கமீல் ஜெனாட்ஸி தம் காரில் மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். அந்த அளவீடு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் எடுக்கப்பட்டது.

ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்குப் பின் வந்த சாதனைகளையும் அருகில் வைத்துப் பார்க்கலாம். 2018இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தில் ரோமன் டூமா ஓட்டிய ஃபோக்ஸ்வாகன் ஐடி.ஆர் என்னும், பந்தயத்துக்கென்றே கட்டிய மின்சாரக் கார் 7 நிமிடம் 57.148 விநாடியில் உச்சியை அடைந்தது. 2013இல் செபாஸ்தியன் லோப் பெட்ரோல் காரில் எடுத்த 8 நிமிடம் 13.878 விநாடி முறியடிக்கப்பட்டது. மறு ஆண்டு அதே மின்சாரக் கார் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றை 6 நிமிடம் 5.336 விநாடியில் கடந்தது.

இவை அனைத்தும் மெய்யான வெற்றிகள், போற்றத்தக்கவை. ஆனால் மூன்றிலும் ஓடிய நேரம் பத்து நிமிடத்துக்கும் குறைவு. பைக்ஸ் பீக்கில் மற்றொரு காரணமும் உண்டு. புறப்படுமிடமே கடல்மட்டத்திலிருந்து 2,860 மீட்டர் உயரம். உச்சி 4,300 மீட்டர். அங்கே காற்று மெலிவதால் எரிபொருளை எரிக்கும் எஞ்சின் மூச்சு வாங்குகிறது. மின்மோட்டாருக்கு எரிப்பதற்குக் காற்று தேவையில்லை. தடத்தைத் தேர்ந்தெடுத்தபோதே ஒரு தரப்புக்குச் சலுகை கொடுத்தாயிற்று. பொயிண்ட் குக்கில் சலுகை வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. இங்கே அது நிலத்தின் உயரத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

3. ஒரே வீட்டின் இரு பிள்ளைகள்

ஒரே நிறுவனத்தின் இரு கார்களை ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். போர்ஷே நிறுவனத்தின் டைகான் டர்போ ஜிடி, வைஸாக் தொகுப்புடன், மின்சாரக் கார். எடை ஏறத்தாழ 2.2 டன். இயல்பான உச்சத் திறன் 580 கிலோவாட். புறப்படும் தறுவாயில் சில விநாடிகளுக்கு அதையும் தாண்டும். 911 ஜிடி3 ஆர்எஸ் பெட்ரோல் கார். எடை ஏறத்தாழ 1.45 டன். திறன் 386 கிலோவாட்.

நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட டைகானுக்கு 2.2 விநாடி, 911க்கு 3.2 விநாடி என்பது நிறுவனக் கணக்கு. மின்சாரக் கார் ஒரு விநாடி முந்துகிறது. அதே கார்களை நூர்பர்க்ரிங்கின் 20.8 கிலோமீட்டர் முழுச் சுற்றில் ஓட்டியபோது டைகான் எடுத்தது 7 நிமிடம் 7.55 விநாடி, 911 எடுத்தது 6 நிமிடம் 49.328 விநாடி. பெட்ரோல் கார் 18 விநாடி முந்துகிறது. திறனில் மூன்றில் ஒரு பங்கு குறைந்த வண்டி, வளைவுகள் நிறைந்த நெடுஞ்சுற்றில் வெல்கிறது.

இரண்டும் ஒரே வகைக் கார்கள் அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. டைகான் நான்கு கதவுள்ள கார். 911 தடத்துக்கென்றே பெரிய இறக்கை பூட்டியது. ஆகவே 18 விநாடியையும் மின்சாரத்தின் கணக்கில் எழுதுவது தவறாகும். ஆனால் எடையின் பங்கை மறுக்க இயலாது. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. எஞ்சின் அதில் மூன்றில் இரு பங்கை வெப்பமாக வீணாக்கினாலும் 4 மிஞ்சும். கார் பேட்டரித் தொகுதியில் ஒரு கிலோவுக்கு 0.2 கிலோவாட் மணி கிடைப்பதே அரிது. மின்மோட்டாரின் சிக்கனமும், பிரேக் பிடிக்கையில் மின்சாரத்தை மீட்டெடுக்கும் வசதியும் இந்த இடைவெளியைச் சுருக்குகின்றன, மூடிவிடுவதில்லை. மிகுந்த எடையை ஒவ்வொரு வளைவிலும் டயர்தான் தாங்க வேண்டும். பெட்ரோல் காரோ ஓட ஓட எடை குறைகிறது. பேட்டரி தீர்ந்தாலும் அதன் எடை தீராது.

4. வெப்பம் என்னும் நடுவர்

தடச் சோதனைகளில் பலரும் அடிக்குறிப்பாகத் தள்ளிவிடும் வெப்பநிலையை நான் மையத்தில் வைக்க விரும்புகிறேன். பொயிண்ட் குக்கின் அன்றைய வெயில் அதற்கு நேரடிச் சான்று.

சூடான பொருளிலிருந்து காற்றுக்கு வெப்பம் செல்லும் வேகம், இரண்டுக்கும் இடையேயுள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. பெட்ரோல் எஞ்சினின் குளிர்விக்கும் நீர் 100 பாகை செல்சியசில் இயங்குகிறது என்று கொள்வோம். காற்று 20 பாகையாக இருந்தால் வேறுபாடு 80. காற்று 40 பாகையானால் வேறுபாடு 60. குளிர்விக்கும் வலிமையில் கால் பங்கு போகிறது. பேட்டரியை 50 பாகைக்கு மேல் விடக்கூடாது என்று கொள்வோம். 20 பாகைக் காற்றில் வேறுபாடு 30. 40 பாகைக் காற்றில் வெறும் 10. குளிர்விக்கும் வலிமையில் மூன்றில் இரு பங்கு போய்விடுகிறது.

பேட்டரி உண்டாக்கும் மொத்த வெப்பம் எஞ்சினுடையதைவிட மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் அதை வெளியேற்றும் வழி குறுகியது. மேலும், மின்னோட்டம் இரு மடங்கானால் பேட்டரியின் உள்தடையில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். ஒவ்வொரு வளைவிலிருந்தும் முழு வலுவுடன் பாயும் தட ஓட்டம் அந்த நான்கு மடங்கை மீண்டும் மீண்டும் கேட்கிறது. வெப்பம் எல்லையைத் தொட்டதும் காரின் கணினி தானே வலுவைக் குறைத்துவிடும். முதல் சுற்றில் புலியாக இருந்த வண்டி ஐந்தாம் சுற்றில் தளர்வது இதனால்தான். பெட்ரோல் காரும் வெயிலுக்குத் தப்புவதில்லை. 20லிருந்து 40 பாகைக்குப் போனால் காற்றின் அடர்த்தி 6 விழுக்காடு குறைகிறது. இயல்பாக மூச்சிழுக்கும் எஞ்சினின் வலுவும் ஏறத்தாழ அந்த அளவே குறையும்.

உற்பத்தியாளர்களும் இதை அறிவார்கள். ஹூண்டாய் தன் அயோனிக் 5 என் மின்சாரக் காரைப் பற்றிச் சொன்ன பெருமைகளுள் ஒன்று, நூர்பர்க்ரிங்கில் தொடர்ந்து இரண்டு சுற்று வலு குறையாமல் ஓடும் என்பது. சுமார் 42 கிலோமீட்டர். குறிப்பிடத்தக்க முன்னேற்றம்தான், பொயிண்ட் குக் தூரத்தில் அது கால் பங்கு.

5. மூன்று தூரங்கள்

எனவே ஒரே எண்ணால் தீர்ப்புச் சொல்வதை விடுத்து, மூன்று தூரங்களில் அளக்க வேண்டும் என்பது என் முன்மொழிவு. முதலாவது, நின்ற நிலையிலிருந்து பாய்ச்சல். இரண்டாவது, ஒரு முழுச் சுற்று. மூன்றாவது, 42 சுற்று. எரிபொருள் நிரப்பவோ மின்னேற்றவோ நின்ற நேரமும் இதில் சேரும். ஒவ்வொன்றோடும் காற்று வெப்பநிலை, தட வெப்பநிலை, டயர் வகை, எடை, புறப்படுகையில் பேட்டரியில் இருந்த இருப்பு ஆகியவற்றை எழுத வேண்டும்.

மூன்றாம் அளவீட்டின் விளைவை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் காணலாம். 3.85 கிலோமீட்டர் சுற்று ஒன்றுக்கு முழு வேகத்தில் 2.5 முதல் 3 யூனிட் (கிலோவாட் மணி) மின்சாரம் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், 42 சுற்றுக்கு 105 முதல் 126 யூனிட் வேண்டும். டைகானின் பெரிய பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 105 யூனிட். இடையில் ஒருமுறையாவது நின்று மின்னேற்ற வேண்டியிருக்கும்.

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, எவரும் தம் காரை 162 கிலோமீட்டர் பந்தய வேகத்தில் ஓட்டுவதில்லை என்பது. உண்மைதான். ஆனால் இரண்டு விநாடிப் பாய்ச்சலும் எவருடைய அன்றாடப் பயணமும் ஆகாது. எல்லையில் நிறுத்திப் பார்ப்பதே சோதனை. பொயிண்ட் குக்கிலிருந்து பார்த்தால் தெரியும் யூ யாங்ஸ் குன்றுகளின் அருகே, 1965இல் ஃபோர்டு தன் ஃபால்கன் கார்கள் ஐந்தை இரவு பகலாக ஓட்டி, அவற்றின் மொத்த ஓட்டத்தை 70,000 மைலுக்குக் கொண்டுபோனது. வாங்குபவரின் நம்பிக்கையை ஈட்ட அந்த நிறுவனம் நம்பியது நெடுந்தூரத்தைத்தான்.

இரண்டாவது, ஹேண்டிகேப் என்பது நடுவரின் விருப்பு வெறுப்புக்கு இடம் தருவது என்பது. அந்த முறையை அப்படியே மீட்கும்படி நான் கேட்கவில்லை. சலுகையை வெளிப்படையாக எழுதும் அதன் நேர்மையைத்தான் கேட்கிறேன். எழுதப்பட்ட சலுகையை எதிர்த்து வாதாடலாம். எழுதப்படாததை எதிர்க்க வழியில்லை.

மூன்றாவது மறுப்பே வலுவானது: தொழில்நுட்பம் மாறிக்கொண்டிருக்கிறது, இன்றைய தீர்ப்பு நாளை பழசாகும். 2014இல் தொடங்கிய ஃபார்முலா இ மின்சாரக் கார் பந்தயத்தில் முதல் நான்கு பருவங்களிலும் ஓட்டுநர்கள் பந்தய நடுவே காரை விட்டிறங்கி வேறு காரில் ஏறினார்கள். ஒரு பேட்டரி முழுப் பந்தயத்துக்கும் போதவில்லை. 2018 இறுதியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கார் அந்தத் தேவையை ஒழித்தது. 2023 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் ஓடியவை மூன்றாம் தலைமுறைக் கார்கள். இந்த வளர்ச்சி என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. பாய்ச்சலை மட்டும் அளந்திருந்தால் இந்த முன்னேற்றம் நம் கண்ணிலேயே பட்டிருக்காது. நெடுந்தூரத்தை அளந்ததால்தான் பேட்டரி எங்கே தோற்றது, எப்போது மீண்டது என்று நமக்குத் தெரிகிறது.

6. முடிவுரை

குறுந்தூரத்தில் மின்சாரக் கார் முந்துகிறது. முழுச் சுற்றில், சாலைக் கார்களுக்கிடையே, எடை குறைந்த பெட்ரோல் கார் தன் இடத்தை இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. நெடுந்தூரத்தில், அதுவும் வெயிலில், இடைவெளி விரிகிறது. ஆண்டுதோறும் அது குறைந்தும் வருகிறது. மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அறிவு. ஒன்றை மட்டும் சொன்னால் அது விளம்பரம்.

தமிழர்க்கு இதில் தனி அக்கறை உண்டு. கிருஷ்ணகிரியிலும் தூத்துக்குடியிலும் மின்வண்டிகள் உருவாகின்றன. அவை ஓடப்போகும் வெயில் நூர்பர்க்ரிங்கின் குளிர்ந்த காட்டு வெயில் அல்ல. சோழவரத்தின் வாரிசாக 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். அங்கே 42 சுற்று ஓடினால் ஏறத்தாழ 155 கிலோமீட்டர், பொயிண்ட் குக் தூரத்துக்கு மிக அருகில். ஒரு மின்சார ஸ்போர்ட்ஸ் காரையும் ஒரு பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரையும் கத்திரி வெயிலில் அங்கே 42 சுற்று ஓட்டி, எல்லா எண்களையும் எழுதி வெளியிட வேண்டும். எந்த வண்டி வென்றாலும் அந்த முடிவை நாம் நம்பலாம்.