மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்

மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் எனப்படுவோர், தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று பணியாற்ற அமர்த்தப்பட்ட பெண்கள் ஆவர். இத்திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலினால் தொடங்கி வைக்கப்பட்டது.

பணிகள்

இவர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தெரிவு செய்யப்பட்டனர். இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றைக் கண்டறிதல், 45 வயதைக் கடந்தோருக்கும் நடமாட இயலாதோருக்கும் மாத்திரைகளை வீட்டில் சேர்த்தல் ஆகியன இவர்களுடைய முதன்மைப் பணிகள். படுக்கையிலிருக்கும் நோயாளிகளுக்கான பராமரிப்பை வலிநிவாரணச் செவிலியரும், உடற்பயிற்சி சார்ந்த சிகிச்சையை இயன்முறை மருத்துவரும் மேற்கொள்கின்றனர். ஒரு பணியாளர் பல வீடுகளுக்குப் பொதுவாக இருப்பதால், தனியே செவிலியரை அமர்த்த இயலாத குடும்பங்களும் பயன்பெறுகின்றன. எனினும் குளிப்பாட்டுதல், உணவூட்டுதல் போன்ற அன்றாடப் பணிவிடைகள் குடும்பத்தாரின் பொறுப்பாகவே உள்ளன.

கம்பம் பள்ளத்தாக்கு

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்திலுள்ள தேவாரம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் அமைந்த பேரூராட்சியாகும். இப்பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து பலர் அதிகாலையில் ஜீப்புகளில் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். பகலில் முதியோர் தனித்திருக்கும் இத்தகைய வீடுகளுக்கு வீடுதேடி வரும் சேவை இன்றியமையாததாகும்.

ஊதியம்

தொடக்கத்தில் தன்னார்வலர்களுக்கு மாதம் 4,500 ரூபாய் வழங்கப்பட்டது. இது நாளொன்றுக்கு 150 ரூபாய் ஆகும். 2021-22இல் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டின் நாட்கூலி 273 ரூபாயாக இருந்தது. இரண்டின் பணி நேரமும் ஒன்றல்ல. எனினும், 'தன்னார்வலர்' என அழைக்கப்படுவதால் இவர்கள் பெறும் தொகை ஊதியமாகக் கொள்ளப்படாமல் மதிப்பூதியமாகவே கொள்ளப்படுகிறது. எனவே குறைந்தபட்ச ஊதிய விதிகள் இதற்குப் பொருத்தப்படுவதில்லை.

இச்சிக்கல் இந்தியா முழுவதும் உள்ளது. அங்கன்வாடி, ஆஷா உள்ளிட்ட திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளத்தில் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ரூபாயாக உயர்த்தக் கோரி ஆஷா பணியாளர்கள் 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் போராட்டம் தொடங்கினர். அதே ஆண்டின் இறுதியில் 1,000 ரூபாய் உயர்வு அறிவிக்கப்பட்டது.