மரக்கலத்தின் துளைகள்

வாகரையிலிருந்து கரையோரமாக வடக்கே சென்று வெருகலாற்றைக் கடந்தால், மூதூரை அடுத்த கொட்டியாரக் குடா தென்படும். 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் புதிய பாய்மரம் நாட்டும்பொருட்டு வந்து நங்கூரமிட்ட துறை அதுவே. 1659 நவம்பர் 19 ஆம் நாள் மசூலிப்பட்டினத் துறையில் வீசிய புயலில், கப்பலைக் காக்கவேண்டி அதன் பெரிய பாய்மரத்தை வெட்டி வீழ்த்த நேர்ந்தது. அந்தக் குறையை நீக்கவும், ஏற்றிவந்த துணியை விற்கவும் கப்பல் கொட்டியாரத்திற்கு அனுப்பப்பட்டது.

பாய்மரம் நாட்டுவது மரத்தை நிமிர்த்தி வைப்பதோடு முடிந்துவிடுவதன்று. பெரிய கப்பல்களில் பாய்மரம் மேற்றளத்தைத் துளைத்துக்கொண்டு அடித்தளம்வரை இறங்கி நிற்கும். காற்றில் மரம் அசையுமாதலால், துளை சற்றுப் பெரிதாகவே இருத்தல் வேண்டும். அவ்விடைவெளியில் ஆப்புகளை இறுக்கி, சுற்றிலும் கீல் பூசிய கித்தான் துணியைப் போர்த்தி அடிப்பது ஐரோப்பியத் தச்சர் வழக்கம். அந்தப் போர்வை தளர்ந்தால், மழைநீரும் அலைநீரும் ஒழுகிச் சரக்கைக் கெடுக்கும். கண்ணுக்குத் தெரியாமல் உத்தரங்களையும் உளுக்கச் செய்யும்.

பலகைகளை இணைக்கும் ஒவ்வோர் ஆணியும் இத்தகைய துளைதான். பலகைப் பொருத்துகளில் சணல்நாரைத் திணித்துக் கீல் வார்க்கும் கலப்பத்து வேலையை ஐரோப்பியர் திறம்படச் செய்தனர். ஆயினும், இரும்பு ஆணி உப்புநீரில் துருப்பிடித்தால், அதைச் சுற்றியுள்ள மரமும் கெடும். ஆணி தளர, நீர் புகும்.

இந்துமாக் கடலின் பழைய தச்சர்கள் வேறு வழியை மேற்கொண்டனர். அவர்கள் பலகைகளின் ஓரங்களில் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்தனர். 1344 இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா, இதற்கான காரணத்தைத் தம் பயண நூலில் கூறியுள்ளார். இரும்பாணி அறைந்த கப்பல் பாறையில் மோதினால் உடையும். கயிற்றால் தைத்ததோ வளைந்து கொடுக்கும் என்பதே அது. துளைகள் மிகப் பலவாயினும், அவற்றை நாராலும் பிசினாலும் அடைத்து, எண்ணெய் பூசிக் காத்தனர். இம்முறைக்கும் குறைகள் உண்டு. ஆர்மூசுத் துறையில் தைத்த மரக்கலங்களைக் கண்ட மார்க்கோ போலோ, அவை பெரும் ஆபத்துக்குரியன என்றே எழுதினார். கயிறு நைந்தவிடத்து மீண்டும் தைக்கவும், உட்புகுந்த நீரை இறைக்கவும் ஓயாத உழைப்பு வேண்டியிருந்தது. எனினும், அதன் வலிமை பொய்யன்று. 1980 இல் ஓமானில் இலட்சத்தீவுக் கைவினைஞர் தைத்த 'சோகார்' என்னும் கப்பல், மறுஆண்டு சீனத்தின் கான்டன் நகரை அடைந்தது.

இன்று கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டன; எனினும், பழைய சிக்கல் மாறவில்லை. கயிறு கட்டும் முளையோ கப்பியோ மேற்றளத்தில் பொருத்த மரையாணி வேண்டும். மரையாணிக்குத் துளை வேண்டும். தளத்தின் நடுவே மரம் பொதிந்திருந்தால், துளைவழிப் புகும் நீர் அதை உள்ளிருந்தே அழுகச் செய்யும். ஆகையால், தேர்ந்த தச்சர் துளையை முதலில் பெரிதாக இடுவர். அதை எப்பொக்சிப் பிசினால் முழுதும் நிரப்புவர். பிசின் இறுகியபின் அதன் நடுவே மரையாணிக்குரிய அளவில் மீண்டும் துளையிடுவர். அப்போது நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. துளையின் மேல்விளிம்பைச் சிறிது சரித்து, அடைப்புப் பசை தங்க இடமளிப்பர். உட்புறம் அகன்ற தகடு வைத்து இழுவிசையைப் பரப்புவர். இறுக்கும்போது மரையாணியைத் திருப்பாமல் உள்ளிருக்கும் மரையையே திருப்புவர்; ஆணி சுழன்றால் அதைப் பற்றியுள்ள பசை அறுந்துவிடும்.

கித்தானும் கீலும், நாரும் பிசினும், எப்பொக்சியும் பசையும் ஒரே நோக்குடையனவே. விசையைத் தாங்கும் பொருள் ஒன்று, நீரைத் தடுக்கும் பொருள் மற்றொன்று. ஒன்றன் வேலையை மற்றொன்றிடம் விட்டவிடத்திலேயே ஒழுக்கு தோன்றும்.

'ஆன்' கப்பலின் தலைவர் ராபர்ட் நாக்சும் அவர் பெயரே கொண்ட மகனும் வேறு சில மாலுமிகளும் 1660 இல் கொட்டியாரத்தில் கண்டியரசனின் வீரர்களாற் சிறைப்பட்டனர். தந்தை மறு ஆண்டு இறந்தார். மகன் 1679 இல் தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து, 1681 இல் இலங்கை பற்றிய நூலை வெளியிட்டார். ஒரு பாய்மரத்தை நாட்ட வந்தவர்க்கு அது இருபதாண்டுச் சிறையாயிற்று. கடலில் ஏற்படும் சேதத்தின் விலை செப்பனிடும் துறையோடு முடிவதில்லை என்பதை அக்குடா இன்றும் நினைவூட்டுகிறது.