கேட்டைத் தாண்டும் சைக்கிள்

சென்னை ஐ.ஐ.டி.க்குள் சைக்கிள் மிதிப்பது தனிச் சுகம். கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில், ஏறத்தாழ 250 ஹெக்டேரில், 1959இல் தொடங்கிய வளாகம் அது. தலைக்குமேல் ஆலமர நிழல், சாலையோரம் மேயும் புள்ளிமான். மாணவர்கள் மோட்டார் வாகனம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. காலை வகுப்பு நெருங்கினால் விடுதிச் சாலைகளில் மணியொலிதான்.

கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகமும் இப்படித்தான். 1960களில் அதன் வேந்தராக இருந்த எமில் மிராக், சைக்கிளை மனத்தில் வைத்தே வளாகத்தைத் திட்டமிடச் சொன்னார். மையப் பகுதிக்குள் கார் வராது. சைக்கிளுக்கென்றே ரவுண்டானாக்கள் உண்டு. இரண்டுமே சமதளம், மேடேறி மூச்சு வாங்க வேண்டியதில்லை.

வேறுபாடு கேட்டில் தொடங்குகிறது.

டேவிஸில் சைக்கிள் ஊருக்குள்ளும் தடையின்றிப் போகிறது. அது தானாக வந்ததல்ல. நெதர்லாந்தின் ஹேக் நகரில் வாழ்ந்து திரும்பிய பேராசிரியர் ஃபிராங்க் சைல்டும் அவர் மனைவி ஈவும், சைக்கிளுக்குத் தனித்தடம் கேட்டு ஊராரைத் திரட்டினார்கள். நகர்மன்றம் முதலில் அசையவில்லை. 1966 தேர்தலில் ஊரார் சைக்கிள் தடத்தை ஆதரித்தவர்களை ஜெயிக்க வைத்தார்கள். மறு ஆண்டே, அமெரிக்காவின் முதல் சைக்கிள் தடம் அங்கே வந்தது.

இங்கே கேட்டைத் தாண்டி சர்தார் படேல் சாலைக்கு வந்து பாருங்கள். மாநகரப் பேருந்து ஓரம் கட்டும்போது ஹேண்டில்பாரை இறுகப் பிடித்து, இடது காலைப் பிளாட்பாரக் கல்லில் ஊன்றி நிற்க வேண்டும். உள்ளே மான் பார்த்துக்கொண்டு வந்த கண், வெளியே பின்னால் வரும் ஹாரனையே நினைத்துக்கொண்டிருக்கும். 2014இல் சென்னை மாநகராட்சி ஏற்ற கொள்கை, போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் ஒதுக்கச் சொன்னது. பல இடங்களில் நடைபாதை அகலமானது. தொடர்ந்து ஓடும் சைக்கிள் தடம் மட்டும் வரவில்லை.

டேவிஸ் எழுபதாயிரம் பேர்கூட இல்லாத ஊர். சென்னை பெருநகரம் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஊரின் அளவைவிட, கேட்பவர் யார் என்பதே பெரிய வேறுபாடு. டேவிஸில் சைக்கிள் ஓட்டியவரே மனு எழுதினார், ஓட்டும் போட்டார். இங்கே வெளியே மிதிப்பவர்கள் கேரியரில் தண்ணீர் கேன் கட்டியவர், ஹேண்டிலில் சோற்றுத்தூக்கு மாட்டிய கட்டடத் தொழிலாளி, அரசு தந்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளை. மனு எழுத அவர்களுக்கு நேரம் ஏது?

பயமில்லாத சாலை எப்படி இருக்கும் என்பது வளாகத்துக்குள் நாலு வருடம் மிதித்தவர்களுக்குத் தெரியும். வெளியே மிதிப்பவர்களோடு சேர்ந்து அதைக் கேட்க வேண்டியவர்கள் அவர்களே. படித்து முடித்துப் போகும்போது சைக்கிளை விற்றுவிடலாம். அந்தக் கடமையை விட்டுவிட்டுப் போகக் கூடாது.