குதிக்காத பாட்டு: மேற்குச் சென்னைப் புறநகரில் கையடக்க சிடி பிளேயர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளின் அண்மைக்கால வரலாறு பெரும்பாலும் அம்பத்தூரில் 1964-இல் உருவான தொழிற்பேட்டையையும் ஆவடியின் டாங்கித் தொழிற்சாலையையும் சுற்றியே எழுதப்படுகிறது. அங்கே வேலைக்கும் கல்லூரிக்கும் போய்வந்தவர்கள் வழியில் எதில் பாட்டுக் கேட்டார்கள் என்பதும் அந்த வரலாற்றின் பகுதிதான். டிஸ்க்மேன் என்ற கையடக்க சிடி பிளேயர் இப்பகுதிக்குப் பிந்தி வந்தது. பிந்தி வந்ததனாலேயே, ஓடும் பேருந்தில் உதவக்கூடிய பக்குவத்தோடு வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இவ்வகைக் கருவியான சோனியின் டி-50 1984 நவம்பரில் ஜப்பானில் வெளியானது. உருவம் கைக்கு அடக்கமானது என்றாலும் அது மேசையில் வைத்துக் கேட்க வேண்டிய கருவி. சிடியில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். லென்ஸ் அந்த அளவு நகர்ந்தாலே பாட்டு வேறிடத்துக்குத் தாவிவிடும். சின்ன அதிர்வுகளைக் கருவியின் சர்வோ அமைப்பு ஈடுகட்டும். வேகத்தடையில் பேருந்து தூக்கிப் போடும்போது அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

தீர்வு நினைவகத்தில் கிடைத்தது. 1990-களின் தொடக்கத்தில் ஆன்ட்டி-ஷாக், இஎஸ்பி என்ற பெயர்களில் வந்த கருவிகள் வட்டை இரு மடங்கு வேகத்தில் படித்து, பாட்டை முன்கூட்டியே சேமித்தன. லென்ஸ் தடம் தவறும் வேளையில் காதுக்குப் போவது சேமிப்பிலுள்ள பாட்டு. அதற்குள் லென்ஸ், வட்டில் பதிந்துள்ள நேரக் குறியீட்டைப் பார்த்து விட்ட இடத்தைப் பிடித்துவிடும். சிடியின் ஒரு நொடி ஒலிக்கு 1,76,400 பைட் தேவை. ஆகவே 4 மெகாபிட் நினைவகம் மூன்று நொடிக்குத்தான் போதும். 16 மெகாபிட் ஏறத்தாழ 12 நொடிக்கு. ஒலியை நான்கில் ஒன்றாகச் சுருக்கினால் அதே 16 மெகாபிட்டில் 40 நொடிக்கு மேல் கிடைக்கும். ஒலித்தரம் சற்றுக் குறையும். பென்சில் பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

கருவியின் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட இந்த நொடிக்கணக்கு ஓர் உண்மையை மறைத்தது. குலுக்கல் நின்றால்தான் சேமிப்பு மறுபடி நிரம்பும். ரயிலின் சீரான அதிர்வில் பெரிய சிக்கலில்லை. அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் எம்.டி.எச். ரோட்டில் பள்ளத்துக்குப் பள்ளம் இறங்கி ஏறும் பேருந்தில் பத்து நொடிச் சேமிப்பு கரைந்து, பாட்டு குதிக்கத் தொடங்கிவிடும்.

கருவி இங்கு பரவாமைக்குச் சாலையைவிட இறக்குமதிக் கட்டுப்பாடு பெரிய காரணம். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருபவரின் பெட்டி ஒரு வழி; பர்மா பஜார் இன்னொரு வழி. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக உருவான அந்தக் கடைவரிசை கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரிலேயே இருக்கிறது. ஆவடியிலிருந்து மின்சார ரயிலிலும் பூந்தமல்லியிலிருந்து பிராட்வே பேருந்திலும் நேராக அங்கே போய் இறங்க முடிந்தது. நுகர்பொருள் இறக்குமதி மீதான அளவுக் கட்டுப்பாடுகளில் எஞ்சியவை 2001 ஏப்ரல் 1 அன்று நீங்கின.

அந்த வேளையில் எம்பி3 வட்டுகளைப் படிக்கும் பிளேயர்களும் வந்துவிட்டன. 128 கிலோபிட் எம்பி3-க்கு நொடிக்கு 16,000 பைட் போதும். பழைய 16 மெகாபிட் நினைவகமே இப்போது இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்கியது. சாலை மாறவில்லை, பாட்டு குதிப்பது பெரிதும் ஓய்ந்தது. ஒரே வட்டில் ஏறக்குறைய 12 மணி நேரப் பாட்டு, அதாவது இளையராஜா பாடல்கள் மட்டுமே நூற்றுக்கு மேல். அப்படி விற்ற வட்டுகளில் பல திருட்டுப் பதிப்புகள் என்பதையும், இசைத்தவர்களுக்கு அவற்றால் ஒரு பைசாகூடப் போகவில்லை என்பதையும் நினைவேக்கத்தின் பெயரால் மறக்கக் கூடாது.

2001 அக்டோபரில் அறிமுகமான, சுழலும் வன்தட்டு கொண்ட ஐபாடும் 32 மெகாபைட் நினைவகத்தால் 20 நிமிடத் தாவல் காப்பு உண்டு என்றே விளம்பரம் செய்தது. சுழலும் வட்டே இல்லாத ஃபிளாஷ் பிளேயரும் கைபேசியும் பரவிய பிறகு அந்த வாக்குறுதிக்குத் தேவையில்லாமல் போனது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிஸ்க்மேன் கிடந்தால், முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். கசிந்தால் உள்ளிருக்கும் தகடுகளை அரித்துவிடும். எந்த ஆண்டு, எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். இப்பகுதியின் வரலாற்றை எழுத வருபவர்களுக்கு அந்தத் தாள் கருவியைவிட அதிகம் பயன்படும்.